கிளப் வாசலில் பரிசோதிக்கப்படும் உடுப்பு

2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் நடக்கவிருந்த ஓர் இரவு விருந்தின் அறிவித்தல் சமூக ஊடகங்களில் பரவி, நாடு முழுவதும் பேசுபொருளானது. இங்கே தங்கியிருந்த ரஷ்யர்கள் சிலர் ஏற்பாடு செய்த விருந்து அது. வருகிறவர்கள் வெள்ளை உடை அணிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. வெள்ளை உடை விருந்துகள் உலகின் பல இடங்களில் நடக்கின்றன. ஆனால், அதே அறிவித்தலில் இன்னொரு வரியும் இருந்தது. வாசலில் முகம் பார்த்துத்தான் உள்ளே விடுவோம், முகமும் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். எதிர்ப்புக் கிளம்பியதும் விருந்து இரத்துச் செய்யப்பட்டது. சில நாட்களில் விவகாரமும் மறக்கப்பட்டது.

அந்த அறிவித்தலை நான் இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மற்றவர்கள் மறைத்துச் செய்வதை அது வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. வாசலில் உடுப்பைப் பற்றி ஒரு விதி எழுதப்படும்போது, பெரும்பாலும் அது உடுப்பைப் பற்றிய விதி அல்ல. யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்பதைப் பற்றிய விதி. ஆளைப் பார்த்து மறுத்தால் கேள்வி வரும்; உடுப்பைக் காட்டி மறுத்தால் வராது.

நான் பண்டாரவளைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இன்றைக்கும் இங்கேயே இருப்பவன். எல்ல எங்களுக்கு அரைமணி நேர பஸ் பயணம். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தச் சின்ன ஊர் வெளிநாட்டவர்களால் நிறைந்துவிட்டது. ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கப் பகலில் கூட்டம். இரவில் பாட்டும் மதுவும். அந்த ஊரின் சமையலறைகளிலும், அறை துப்புரவிலும், முச்சக்கரவண்டிகளிலும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். இன்னும் பலர் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் இருக்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்கு வரும்போது, அவர்களில் சிலர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்பார்கள். “அண்ணே, கூட்டாளிமார் கிளப்புக்குக் கூப்பிடுறாங்க. என்னத்தப் போட்டுக்கிட்டுப் போறது?”

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி அல்ல. வாசலில் நிற்கும் ஆள் தன்னை மேலிருந்து கீழே பார்ப்பான், காலைப் பார்ப்பான், நண்பர்கள் முன்னால் திருப்பி அனுப்புவான் என்ற பயம் அதற்குள் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு எங்கள் ஊரில் நூற்றைம்பது வருட வயது.

ஒரே மண்டபம், இரண்டு விதிகள்

நகரத்து இரவு விடுதிகளின் உடை விதி ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆண்கள் நீளக் காற்சட்டை, கழுத்துப்பட்டி வைத்த சேட், மூடிய சப்பாத்து அணிந்திருக்க வேண்டும். செருப்பு, கட்டைக் காற்சட்டை, சாரம் கூடாது. பெரும்பாலும் இது ஆங்கிலத்தில் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். பல இடங்களில் எழுதப்பட்டும் இருக்காது. காவலாளியின் வாய்தான் சட்டம். கடற்கரையிலிருந்து அரைக் காற்சட்டையோடும் ரப்பர் செருப்போடும் வரும் வெள்ளைக்காரருக்கு அந்த வாய் திறப்பதில்லை. அதே கோலத்தில் நம்மவர் வந்தால் திறக்கிறது.

இதில் பணமும் இருக்கிறது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் நீண்ட இழுபறிக்குப் பிறகு 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவானது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் அது 1,550 ரூபாவாக உயர்த்தப்பட்டு, வரவுக்கான ஊக்கத்தொகையாக அரசாங்கத்திடமிருந்து 200 ரூபாவும் அறிவிக்கப்பட்டது. ஒரு சோடி நல்ல சப்பாத்து எத்தனை ‘பேர்’ என்று எங்கள் ஆட்கள் உடனே கணக்குச் சொல்வார்கள். ஒரு நாள் முழுதாக வேலைசெய்து சம்பளம் பதிவாவதற்குத் தோட்டத்தில் ‘பேர்’ என்று சொல்வது வழக்கம். ஆகவே, மூடிய சப்பாத்து என்ற விதி, அதை எழுதியவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், ஒரு வருமான வரம்பும்தான்.

இனி உள்ளே போவோம். பெண்கள் உடை குறைத்து ஆடுவதைக் காட்டிக் காசு வாங்கும் இடங்களுக்கு இலங்கையில் பகிரங்க அனுமதி கிடையாது. ஆனாலும் வேறு வேறு பெயர்களில் அவை நடக்கின்றன என்பது நகரத்தில் வேலைசெய்யும் எவருக்கும் இரகசியமல்ல. அப்படியான இடத்துக்கும் வாசலில் உடை விதி இருக்கும். பார்க்க வருகிறவன் கழுத்துவரை பொத்தான் போட்டு, கால்விரல் தெரியாமல் மூடியிருக்க வேண்டும். ஆடுகிறவள் எவ்வளவு மூடலாம் என்பதை முதலாளி தீர்மானிப்பான். காசு கொடுப்பவனுக்கு உடுப்பு கௌரவம். காசு வாங்குபவளுக்கு உடுப்பைக் குறைப்பதே வேலை.

பொலிஸார் சுற்றிவளைக்கும் நாளில் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். 1841ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டமும் 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டமும் இன்றும் நடைமுறையில் உள்ளன. வெள்ளைக்காரர் எழுதிவைத்த அந்தச் சட்டங்களின் கீழ் கைதாகும் பெண், சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகிறாள். அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்பதும் செய்தியாகிறது. சப்பாத்துப் போட்ட வாடிக்கையாளனைப் பற்றி ஒரு வரியும் வருவதில்லை. வேலை தேடித் தோட்டங்களிலிருந்தும், போரில் குடும்பத் தலைவரை இழந்த வீடுகளிலிருந்தும் பெண்பிள்ளைகள் நகரங்களுக்குப் போகிற காலத்தில், இதை யாரோ ஒருத்தியின் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

இந்தியாவில் இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. மும்பையின் மதுச்சாலைகளில் பெண்கள் ஆடுவதை மகாராஷ்டிர அரசு 2005இல் தடைசெய்தது. பெண்களின் மானம் காக்கவே தடை என்றது அரசு. ஆனால், அந்தச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலுமான ஹோட்டல்களுக்கும், மேட்டுக்குடிக் கிளப்புகளுக்கும் தடை இல்லை. மதுச்சாலைப் பெண்கள் பெரும்பாலும் சேலையும் பாவாடைச் சட்டையும் அணிந்துதான் சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். ஆனாலும் அவர்களது ஆட்டம் ஆபாசம் ஆனது. நட்சத்திர ஹோட்டலின் ஆட்டம் கலை நிகழ்ச்சி ஆனது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஏழை பார்க்கும் ஆட்டம் ஒழுக்கக்கேடு, பணக்காரன் பார்க்கும் ஆட்டம் ஒழுக்கம் என்று ஒரு சட்டம் பிரிக்க முடியாது என்பது அதன் முக்கியமான காரணங்களில் ஒன்று.

நம் நாட்டிலும் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. பெண்கள் மதுபானம் வாங்குவதையும், மது விற்கும் இடங்களில் வேலை செய்வதையும் தடுக்கும் 1979ஆம் ஆண்டின் விதியை, 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெறச் செய்தார். மது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். தோட்டங்களில் அது செய்த அழிவை நான் அறிவேன். ஆனால் தடை ஆணுக்கு இல்லை, பெண்ணுக்கு மட்டும் உண்டு என்றால், அங்கே காப்பாற்றப்படுவது உடல்நலம் அல்ல.

துரையின் கோட்டும் லயத்துக் கம்பளியும்

மலையகத்தில் கிளப் என்ற சொல் நேற்று வந்ததல்ல. கோப்பிக் காலத்திலேயே வெள்ளைக்காரத் துரைமார் ஆங்காங்கே தங்களுக்கெனக் கிளப்புகளை அமைத்துக்கொண்டார்கள். நுவரெலியாவின் ஹில் கிளப் 1876இல் தொடங்கப்பட்டது. நாடு சுதந்திரமடைந்த பிறகும் நீண்டகாலம் இலங்கையர்களுக்கு அங்கே உறுப்புரிமை கிடையாது. பெண்களுக்குத் தனி வாசல் இருந்தது. இரவு ஏழு மணிக்குப் பிறகு ஆண்கள் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிய வேண்டும் என்ற விதி அந்தக் கிளப்பின் அடையாளமாகவே ஆகிவிட்டது. கோட் இல்லாமல் வருகிற விருந்தினருக்கு இரவல் கொடுக்க அங்கே கோட்டுகளும் வைத்திருப்பார்கள். எங்கள் பண்டாரவளை ஹோட்டலும் 1893இல் தோட்டத் துரைமாரின் தேவைக்காக எழுந்ததுதான்.

அந்தக் கட்டடங்களுக்குள் எங்கள் முன்னோரும் போனார்கள். கோப்பை கழுவவும், குதிரை பிடிக்கவும், மேசை துடைக்கவும் போனார்கள். அவர்களுக்கும் உடை கொடுக்கப்பட்டது. வெள்ளைச் சீருடை, இடுப்புப் பட்டி, தலைப்பாகை. அதாவது கிளப்புக்கு என்ன அணிந்து போவது என்ற கேள்விக்கு மலையகத்தில் இரண்டு பதில்கள் இருந்தன. துரைக்குக் கோட், வேலையாளுக்குச் சீருடை. தன் சொந்த உடுப்போடு உள்ளே போவது என்ற மூன்றாவது பதில் இருக்கவில்லை.

கிளப்புக்கு வெளியிலும் அதே ஒழுங்குதான். பெரிய கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாக நிற்கலாம். அது அவருக்குக் கொடுக்கப்பட்ட இடம். சாதாரணத் தொழிலாளி துரையைக் கண்டால் தலைத்துண்டை அவிழ்த்து, செருப்பைக் கழற்றி, குடையை மடக்கி, பாதையை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மழைக்கும் குளிருக்கும் தோட்டம் தந்த கம்பளிகூட இனாம் அல்ல. முன்பணக் கணக்கில் எழுதி, சம்பளத்தில் வெட்டப்பட்டது. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் படங்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வது அழகுக்காக அல்ல. தேயிலைச் செடியின் கொப்புகள் சேலையையும் தோலையும் கிழிக்காமலிருக்கத்தான்.

இன்றைக்கு அந்த உடுப்புக்கு ஒரு புதுச் சந்தை கிடைத்திருக்கிறது. மலையகத்தின் சில ஹோட்டல்களில், விருந்தினருக்குச் சேலையோ சாரமோ கட்டிவிட்டு, தலையில் கூடை மாட்டி, கொஞ்ச நேரம் கொழுந்து பறிக்க விடுகிறார்கள். படம் எடுத்த பிறகு அவர்கள் உடுப்பை மாற்றிக்கொண்டு சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகிறார்கள். அதே சேலையை, அதே படங்கை, அதே கூடையை ஒவ்வொரு நாளும் சுமக்கும் பெண் அந்த மண்டபத்துக்குள் வாடிக்கையாளராக வருவதை நான் பார்த்ததில்லை. வருகிறவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அவர்களில் பலர் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் ஓர் உடுப்பு ஒருவருக்கு விளையாட்டாகவும் இன்னொருவருக்குத் தடையாகவும் இருக்கும்போது, அந்த இருவருக்கும் நடுவில் இருப்பது துணி மட்டும் அல்ல.

சேப்பாக்கத்தில் திருப்பி அனுப்பப்பட்ட வேட்டி

கிளப் உடை விதியைச் சட்டத்தால் உடைத்த ஓர் அனுபவம் தமிழ்நாட்டில் இருக்கிறது. 2014 ஜூலை 11 அன்று, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி.அரிபரந்தாமன் ஒரு நூல் வெளியீட்டு நிகழ்வுக்காகச் சேப்பாக்கத்திலுள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்கக் கிளப்புக்குப் போனார். வேட்டி அணிந்திருந்ததால் அவரை உள்ளே விட மறுத்துவிட்டார்கள். அவருடன் மூத்த வழக்கறிஞர்களும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். செய்தி வெளியானதும் கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பு எழுந்தது. அடுத்த மாதமே, முதலமைச்சர் ஜெயலலிதாவின் அரசு சட்டப்பேரவையில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பொழுதுபோக்குக் கிளப்புகள், சங்கங்கள், நிறுவனங்கள் தமது கட்டுப்பாட்டிலுள்ள பொது இடங்களுக்குள் வேட்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்து வருபவரைத் தடுக்கக் கூடாது. மீறினால் உரிமம் இரத்தாகலாம். ஒரு வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

இது நல்ல சட்டம். இருந்தாலும் அதை வாசிக்கும்போது எனக்கு இரண்டு விடயங்கள் உறுத்துகின்றன. முதலாவது, அந்தச் சட்டம் வர ஒரு நீதிபதி திருப்பி அனுப்பப்பட வேண்டியிருந்தது. அதற்கு முன் எத்தனையோ காலமாக அதே வாசல்களில் எத்தனையோ பேர் திரும்பிப் போயிருப்பார்கள். இரண்டாவது, வேட்டி தமிழ்நாட்டில் ஆட்சியாளரின் உடுப்பும்கூட. முதலமைச்சர்களும் அமைச்சர்களும் அணிவது. அதற்காகக் குரல் கொடுப்பது எல்லோருக்கும் எளிது. கட்டம் போட்ட லுங்கியோடு ஒரு சுமை தூக்கும் தொழிலாளி வந்தால் என்ன செய்வது? பாரம்பரியம் என்ற சொல்லுக்குள் அவனுடைய உடுப்பு வருமா? இந்தக் கேள்வியை அங்கே பலர் கேட்கவில்லை. நம் சாரத்துக்கும் இதே கதிதான். தேசிய உடை என்று வெள்ளைச் சாரத்தைக் கட்டி மேடையேறும் அரசியல்வாதியை எந்த ஹோட்டலும் தடுக்காது. அதே ஹோட்டலுக்குக் கட்டச் சாரத்தோடு போகும் மனிதர் பின்வாசலுக்கு அனுப்பப்படுவார்.

எமது வாசல்கள்

இதுவரை சொன்னதெல்லாம் வெள்ளைக்காரர்களும் முதலாளிகளும் போட்ட விதிகள். எமது சமூகம் போட்ட விதிகளையும் பேசாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையானதாக இருக்காது.

தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரிப் பக்கத்தில், நாடார் பெண்கள் தோளை மறைக்கும் உரிமைக்காகப் பத்தாண்டுக் கணக்கில் போராடினார்கள். தெருவில் அவர்களது மேலாடைகள் கிழிக்கப்பட்டன. 1859 ஜூலையில் மன்னர் அறிவித்தல் வெளியிட்டு அனுமதி கொடுத்தபோதும், உயர்சாதிப் பெண்கள் உடுப்பது போல உடுக்கக்கூடாது என்ற நிபந்தனை அதிலும் இருந்தது. யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் மேலாடை அணிவதற்கும், சால்வை போடுவதற்கும், செருப்பு அணிவதற்கும், குடை பிடிப்பதற்கும் தடைகள் இருந்தன. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் உள்ளே போவதற்காகச் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. உடுக்கவிடாமல் தடுத்ததும், உள்ளே விடாமல் தடுத்ததும் ஒரே கைதான்.

அண்மைக் கதைகளும் உண்டு. திருகோணமலை சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வருவது 2018இலும் 2022இலும் பெரும் சர்ச்சையானது. சேலைதான் எமது பாடசாலையின் மரபு என்று எம்மவர்கள் வாதிட்டார்கள். அடுத்த ஆண்டே, அதாவது 2019 மே மாத இறுதியில், உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னணியில், அரச அலுவலகப் பெண்கள் சேலை அல்லது கண்டியச் சேலைதான் அணிய வேண்டும் என்று பொது நிர்வாக அமைச்சு சுற்றறிக்கை வெளியிட்டது. எதிர்ப்பு வந்த பிறகே அது திருத்தப்பட்டது. முஸ்லிம் பெண்களைக் குறிவைத்த அந்தச் சுற்றறிக்கையால் சுடிதார் அணியும் தமிழ்ப் பெண்களும் பாதிக்கப்பட்டார்கள். மற்றவர் உடுப்பில் கை வைக்க நாம் ஒத்துக்கொண்டால், அந்தக் கை நம் வீட்டுக்கும் வரும்.

பொருளாதார நெருக்கடியின்போது, 2022இல், அரச ஊழியர்கள் வசதியான உடையில் வேலைக்கு வரலாம் என்று அனுமதிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் சில ஆசிரியைகள் சேலை இல்லாமல் பாடசாலைக்குப் போனபோது, கலாசாரம் அழிகிறது என்று கூச்சல் எழுந்தது. எரிபொருள் இல்லாமல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்த பெண்ணின் சிரமம் அந்தக் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. தோட்டப் பாடசாலைகளுக்கு மேடும் பள்ளமும் ஏறி நடக்கும் ஆசிரியைகளைக் கேட்டால், மழைக்காலத்தில் சேலை என்றால் என்ன என்று சொல்வார்கள்.

களையச் சொன்னவர்கள்

நாம் பிணங்களை எண்ணிய மக்கள், காணாமற்போனோரை இன்னும் தேடும் மக்கள், நமக்கு இரவு விடுதி வாசலும் சப்பாத்துமா பிரச்சினை என்று வாசகர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால், உடுப்பைப் பார்த்து ஆளை முடிவு செய்வது எங்கே போய் முடியும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்?

1983 ஜூலையில் பதுளையும் பண்டாரவளையும் எரிந்த நாட்களில், பஸ்ஸில் ஏறுவதற்கு முன் எங்கள் பெண்கள் பொட்டை அழித்தார்கள், சேலை கட்டும் விதத்தை மாற்றினார்கள். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், கொழும்புக்குப் போகும் தோட்டத்துப் பையன்கள் சோதனைச் சாவடிகளில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டார்கள். வடக்கு கிழக்கு வாசகர்கள் பலருக்கு எங்கள் ஊரின் பெயர் தெரிந்திருப்பதே பிந்துனுவெவ வழியாகத்தான். 2000 ஒக்டோபர் 25 அன்று, பண்டாரவளைக்கு அருகிலுள்ள அந்தப் புனர்வாழ்வு முகாமில், அரசின் பாதுகாப்பில் இருந்த 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் ஒரு கும்பலால் கொல்லப்பட்டார்கள். மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களையும் 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. இன்றுவரை அந்தக் கொலைகளுக்காகத் தண்டனை அனுபவிப்பவர் எவருமில்லை.

போரின் இறுதியில் வன்னியிலிருந்து வெளியேறிய மக்கள் ஓமந்தையில் உடைகளைக் களையச் செய்து சோதிக்கப்பட்டதை, ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகம் 2015இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அதைக் கடந்து வந்தவர்கள் இதை வாசிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் ஓமந்தையையும் கிளப் வாசலையும் ஒரே தராசில் வைக்கவில்லை. அது குற்றம், இது அவமதிப்பு. ஆனால், எதை உடுப்பது, எதைக் களைவது, எப்போது, யார் முன்னால் என்பதை உடலுக்குரியவர்தான் தீர்மானிக்க வேண்டும் என்ற உரிமை இரண்டிலும் ஒன்றேதான். அந்த உரிமை எங்களிடமிருந்து எவ்வளவு பறிக்கப்பட்டது என்பதை அறிந்த மக்கள், சின்ன வாசல்களிலும் அதைக் கேட்டு வாங்கப் பழக வேண்டும். ஆடும் பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு. அபாயா அணியும் ஆசிரியைக்கும் உண்டு. சாரம் கட்டிய தோட்டத்து மனிதருக்கும் உண்டு.

இனி என்ன கேட்க வேண்டும்?

நமது அரசியலமைப்பின் 12(3) ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகிய காரணங்களுக்காக எவரையும் கடைகளுக்கும், பொது உணவகங்களுக்கும், ஹோட்டல்களுக்கும், பொதுக் களியாட்ட இடங்களுக்கும், தமது மதத்தின் வழிபாட்டிடங்களுக்கும் செல்வதில் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால், இரண்டு ஓட்டைகள் உள்ளன. இந்தப் பட்டியலில் உடுப்பும் இல்லை, வருமானமும் இல்லை. அடுத்தது, அடிப்படை உரிமை மீறல் வழக்கை அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகத்தான் உயர் நீதிமன்றத்தில் தொடரலாம். தனியார் விடுதியின் காவலாளிக்கு எதிராக அந்த வழி நேராகத் திறப்பதில்லை.

அதனால்தான் தமிழ்நாட்டில் வந்ததைப் போன்ற, ஆனால் அதைவிட அகலமான ஒரு சட்டம் இங்கே தேவை. அரசிடமிருந்து மதுபான உரிமத்தையோ சுற்றுலாத்துறைப் பதிவையோ பெறும் எந்த இடமும், சுத்தமான உடை அணிந்து வரும் எவரையும் உடுப்பைக் காரணம் காட்டித் தடுக்கக் கூடாது. பாரம்பரியம் என்ற சொல்லோடு நிற்காமல், சாரம், செருப்பு, அபாயா எல்லாம் அதில் அடங்க வேண்டும். உடை விதி இருந்தால், அது மூன்று மொழிகளிலும் வாசலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். உள்ளூராருக்கும் வெளிநாட்டவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மறுக்கப்பட்டவருக்குக் காரணத்தை எழுத்தில் கேட்கும் உரிமை வேண்டும்.

வேலை செய்பவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும். சீருடை அணியச் சொல்லும் முதலாளி, அதன் செலவையும் ஏற்க வேண்டும். கம்பளிக்குச் சம்பளத்தில் வெட்டிய காலம் போதும். உடலைக் காட்டும் உடையை அணிய மறுத்ததற்காக எந்தப் பெண்ணையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது. சுற்றிவளைப்புகளில் கைதாகும் பெண்களின் முகத்தையும் உடையையும் படமெடுத்து வெளியிடுவது நிறுத்தப்பட வேண்டும். மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசுவது போல இதையும் பேசலாம். இதுவும் தொழில் நிலைமைதான்.

எங்கள் கோயில்களும் பாடசாலைகளும் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எந்த விதியால் யார் வெளியே நிற்கிறார்கள் என்று நிர்வாகக் குழுக்களில் ஒருமுறை கேட்டுப் பார்த்தாலே போதும். பதில் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும்.

கேள்வி கேட்கும் தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான். உங்களுக்குப் பிடித்ததை, உங்களால் வாங்க முடிந்ததை, துவைத்துத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போங்கள். ஒரு இரவுக்காகச் சப்பாத்துக்குக் கடன் வாங்காதீர்கள். திருப்பி அனுப்பினால் சண்டை பிடிக்க வேண்டாம். விதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள், எழுதியிருந்தால் படம் எடுங்கள், அதே நேரம் யாரை உள்ளே விடுகிறார்கள் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். உள்ளே போனால், அங்கே ஆடுகிறவளும் பரிமாறுகிறவளும் உங்கள் அக்கா தங்கை போல ஒரு நாள் சம்பளத்துக்கு வந்தவள் என்பதை மறக்க வேண்டாம்.